மின்சாரம் உடம்புக்குள் புகுந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஷாக் அடித்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவரும், உரிமம் பெற்ற மின் பணியாளர் ஒருவரும் சேர்ந்து எழுதியவை இவை.

கேள்வி: ஊரிலிருந்து வெட் கிரைண்டர் கொண்டுவந்து ஒரு வருடமாக மாவு அரைக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஈரக்கையால் டிரம்மைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. செருப்புப் போட்டிருந்தால் ஒன்றும் தெரிவதில்லை. "லேசான ஷாக்தானே, பயப்படாதே" என்கிறார் வீட்டுக்காரர். அப்படியே விடலாமா?
— இல்லத்தரசி, ஈசூன்

பதில்: விடக்கூடாது, அம்மா. இதைப் படித்தவுடன் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

மோட்டாரின் சுற்றுக்கம்பியில் ஈரம் ஏறியோ, அதன் காப்புறை (இன்சுலேஷன்) தேய்ந்தோ, கொஞ்சம் மின்சாரம் கிரைண்டரின் உலோக உடம்புக்குக் கசிகிறது. அது தரைக்குப் போக வழி தேடும். அதற்காகத்தான் மூன்றாவது கம்பியாக எர்த் இருக்கிறது. உங்கள் கிரைண்டரில் அந்த வழி அடைபட்டிருக்க வேண்டும். அதனால் உங்கள் கை, நெஞ்சு, கால் வழியாக அது தரைக்குப் போகிறது. செருப்பு போட்டால் பாதை துண்டிக்கப்படுகிறது, சுருக்கென்பதும் நின்றுவிடுகிறது. கசிவு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

எங்கே அடைபட்டது என்று பார்க்க, பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். இந்தியப் பிளக்கில் மூன்று உருண்டைக் கால்கள். அவற்றில் நீளமும் பருமனுமாக இருப்பதுதான் எர்த். இங்கே சிங்கப்பூரில் உள்ள சுவர் சாக்கெட்டுக்கு அது பொருந்தாது என்பதால் பலரும் பயண அடாப்டரில் செருகுகிறார்கள். அந்த அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். சுவருக்குள் போகிற மேல்கால் பிளாஸ்டிக்காக இருந்தால், அது சாக்கெட்டின் மூடியைத் திறக்க மட்டும்தான். உலோகக் காலாக இருந்தாலும், உங்கள் பிளக்கின் பருத்த கால் நுழைகிற ஓட்டையில் உள்ளே தகடு இல்லாத அடாப்டர்கள் நிறைய. இரண்டு வகையிலும் கிரைண்டருக்கு எர்த் கிடையாது. சாக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து உருண்டைக் கால்களை நுழைப்பவர்களுக்கும் இதே கதிதான்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. இந்தியாவிலும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆகவே கிரைண்டர் நன்றாக ஓடும், மாற்ற வேண்டியது பிளக்கை மட்டுமே. பாதுகாப்பு முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக் ஒன்று வாங்குங்கள். மூடியைக் கழற்றி, கால்கள் மேசைப் பக்கம் நோக்கியிருக்க, எர்த் கால் மேற்புறம் வரும்படி வைத்துப் பார்த்தால் வலப்பக்கம் ஃபியூஸ் இருக்கும். பழுப்புக் கம்பி அங்கே, நீலம் இடப்பக்கம், பச்சையும் மஞ்சளும் கலந்தது மேலே. பழைய இந்திய ஒயர்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று அதே வரிசை. எர்த் கம்பியை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டு முடுக்குங்கள். யாராவது ஒயரை வெடுக்கென்று இழுத்தாலும் கடைசியில் கழல்வது எர்த்தாக இருக்க வேண்டும். ஒயரின் மேலுறை பிளக்கின் கிளிப்புக்குள் இறுகியிருக்கட்டும். வீட்டுக் கிரைண்டருக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கை பழகாதவர்கள் மின் பணியாளரிடம் கொடுப்பது நல்லது. ஒயரில் இரண்டே கம்பிகள் இருந்தால் ஒயரையே மாற்ற வேண்டும்.

"லேசான ஷாக்" என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அரை மில்லிஆம்பியர் போனாலே தோல் உணரத் தொடங்கும். உங்களுக்கு இப்போது போவது ஏறக்குறைய அந்த அளவாக இருக்கலாம். கசிகிற இடத்தில் காப்பு முழுவதும் விட்டுப்போகிற அன்று டிரம்மில் 230 வோல்ட்டும் நிற்கும். ஈரக்கை, வெறுங்காலுடன் நிற்பவரின் உடம்பு ஏறத்தாழ 1,000 ஓம்தான் தடுக்கும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். அது இதயத்தை நிறுத்தப் போதும்.

கேள்வி: ஷாக் அடித்தால் சிலரைத் தூக்கி எறிகிறது, சிலரைப் பிடித்துக்கொள்கிறது. ஏன்? மின்சாரத்துக்கு இழுக்கும் சக்தி உண்டா?
— வாசகர், தோ பாயோ

பதில்: இழுப்பதும் எறிவதும் அவரவர் தசைகள்தான். நரம்பு வழியாக மூளை அனுப்புவதும் சிறு மின்துடிப்புதான் என்பதால், வெளியிலிருந்து வருவதைத் தசை தனக்கு வந்த கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வினாடிக்கு 100 முறை உச்சத்தைத் தொடுகிறது. ஒரு சுருக்கம் தளர்வதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் தசை இறுகியபடியே நிற்கும். முன்கையில் விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலிமையானவை. இரண்டும் ஒரே நேரத்தில் இறுகினால் மடக்குவதே ஜெயிக்கும். உள்ளங்கையால் பிடித்த கம்பியை விட முடியாமல் போவதன் காரணம் இதுதான். விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும், கை கேட்காது.

கையை விடக்கூடிய எல்லை எது என்பதைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்சீல் தன்னார்வலர்களை வைத்து அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லிஆம்பியர். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. இதற்கு மேல் போனால் மார்புத் தசைகளும் இறுகி மூச்சு நிற்கும். பிடித்தபடி நிற்கும் ஒவ்வொரு வினாடியும் உள்ளங்கை வியர்த்து, தோல் வெந்து, தடை குறைந்து, மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும்.

தொடையும் முதுகும் ஒரே கணத்தில் இறுகினால் ஆள் எகிறி விழுவார். அதைப் பார்த்துத்தான் "தூக்கி எறிந்தது" என்கிறோம். கம்பியிலிருந்து விடுபட்டது நல்லதுதான், ஆனாலும் ஏணியிலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பும் தலையும் பார்க்கப்பட வேண்டும். விழாதவருக்கும் தசை இறுகிய வேகத்தில் தோள் பின்பக்கமாக மூட்டு விலகலாம். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் இது எளிதில் தப்பிவிடும். ஷாக் அடித்தவர் கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை என்றால், பக்கவாட்டிலிருந்தும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, 30 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதற்கு மேல் உடம்பில் போகாது என்றுதானே பொருள்? பிறகு ஏன் பயம்?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மின் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான ஆர்.சி.சி.பி. மின்னோட்டத்தின் அளவைக் குறைப்பதில்லை, அது ஓடும் நேரத்தைத்தான் குறைக்கிறது. தொட்ட கணத்தில் 230 மில்லிஆம்பியர் போவதாக இருந்தால் 230-தான் போகும். எவ்வளவு சீக்கிரம் அறுந்தது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்ததற்குத் தன்னைத் தயார்செய்துகொள்ளும். அந்த இடைவெளியில், இ.சி.ஜி. படத்தில் டி அலை ஏறுகிற வேளையில், சில செல்கள் தயாராகியிருக்கும், சில ஆகியிருக்காது. அப்போது வெளி மின்சாரம் புகுந்தால் அலை ஒழுங்காகப் பரவ வழியின்றிச் சிதறிச் சுழலும். கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இரத்தம் வெளியே போகாது, சில வினாடிகளில் நினைவு தப்பும். மின்சாரத்தை நிறுத்தினாலும் இந்த நடுக்கம் தானாக நிற்பது அரிது. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பு 0.8 வினாடி. ஷாக் ஒரு முழுத் துடிப்புக்கு மேல் நீடித்தால் அந்த ஆபத்தான இடைவெளி கட்டாயம் அதில் சிக்கும். அப்போது 50 மில்லிஆம்பியரே இதயத்தைக் கலைத்துவிடலாம்.

ஆர்.சி.சி.பி.க்குள் மின்சாரம் வரும் லைவ், திரும்பும் நியூட்ரல் ஆகிய கம்பிகள் இரண்டும் ஒரே வளையத்துக்குள் போகின்றன. போனதும் திரும்பியதும் சமமாக இருந்தால் அது சும்மா இருக்கும். உங்கள் வழியாகத் தரைக்குக் கொஞ்சம் போனால் கணக்கு இடிக்கும், உடனே விழும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசத்தில் 0.3 வினாடிக்குள்ளும், 150-இல் 0.04 வினாடிக்குள்ளும் அறுத்தாக வேண்டும். 0.04 வினாடி என்பது ஒரு துடிப்பில் இருபதில் ஒரு பங்கு.

ஆனால் அது பார்க்காத இடங்கள் உண்டு. ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், போனதெல்லாம் திரும்பி வருவதால் அதற்கு நீங்களும் ஒரு பல்புதான். மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே இருக்கும் மின்மாற்றி ஏறத்தாழ 2,000 வோல்ட் தருகிறது. அங்கே கை பட்டால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம். யூடியூப் பார்த்து மைக்ரோவேவைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்.

மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய பொம்மைதான், மாற்ற வேண்டும். பக்கத்தில் வரிசையாக இருக்கும் எம்.சி.பி.க்கள் ஒயர் எரியாமல் காப்பதற்கானவை. 20 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும் எம்.சி.பி.க்கு உங்கள் 230 மில்லிஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் ஆர்.சி.சி.பி. கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகளும் 2025 ஜூலை 1-க்குள் பொருத்த வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. பழைய வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்காக ஒருமுறை டி.பி. பெட்டியை (இந்தச் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் மின் பெட்டி) திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: குளிரூட்டிய அறையில் கம்பளத்தில் நடந்து கதவைத் தொட்டால் வரும் பொறி பத்தாயிரம் வோல்ட் என்று ஆசிரியர் சொன்னார். எம்ஆர்டி ரயிலின் தண்டவாளம் 750 வோல்ட்தான். அப்படியானால் எது ஆபத்து?
— உயர்நிலை 3 மாணவி, செங்காங்

பதில்: நல்ல கேள்வி. கம்பளத்தில் நடந்த உடம்பு ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். அதன் கொள்ளளவு 100 முதல் 200 பிகோஃபாரட். அதில் தேங்கிய ஆற்றலுக்கு ½CV² போட்டுப் பார்: 200 பிகோஃபாரட், 10,000 வோல்ட் என்றால் 0.01 ஜூல். மைக்ரோ வினாடிகளில் தீர்ந்துவிடும், பின்னால் வர ஒன்றும் இல்லை. வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பாதைகளில் ரயிலுக்கு மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர் மின்னோட்டம். அதன் பின்னால் முழு ரயிலையே இழுக்கும் துணைமின் நிலையம் நிற்கிறது. தொட்டவர் வெந்து தீரும்வரை அது கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: உடன் வேலை செய்யும் தம்பிக்கு நேற்று பேனலில் கை பட்டுவிட்டது. மூன்று ஃபேஸ் லைன். உள்ளங்கையில் கடலை அளவுக்கு ஒரு காயம், முழங்கைக்கு மேலே இன்னொன்று. வலி குறைவுதான் என்கிறான், கை மட்டும் விறைப்பாக இருக்கிறதாம். மருந்து தடவிக்கொண்டு வேலைக்குப் போகலாமா?
— ஊழியர், துவாஸ்

பதில்: வேண்டாம். பத்திரிகை வரும்வரை காத்திருக்க முடியாத கேள்வி இது. இவருக்கு உடனே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

வெந்நீர் கொட்டினால் தோல்தான் முதலில் வேகும். மின்சாரம் அப்படி இல்லை. நுழைந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் மட்டும் தோலைச் சுட்டுவிட்டு, நடுவில் உள்ளேயே ஓடும். காயத்தைப் பார்த்தால் நடுவே குழிந்து, சாம்பல் வெள்ளையாக, விளிம்பு தடித்து, கிள்ளினால் வலிக்காமல் இருக்கும். நரம்பு முனையே வெந்துவிட்டதால்தான் வலி இல்லை. அதை நல்ல செய்தி என்று எண்ணிவிடக்கூடாது. மணிக்கட்டு, முழங்கை போன்ற ஒடுங்கிய இடங்களில் அதே மின்னோட்டம் நெருக்கியடித்துப் போவதால் சூடு அங்கேதான் அதிகம். எலும்பை ஒட்டிய ஆழத் தசை வெந்திருக்க, மேல்தோல் புதிதுபோல் இருக்கும். சூடு படாத செல்களிலும் மின்புலம் சவ்வில் நுண்துளைகள் இட்டுவிடும், அவை பிறகு மெல்லச் சாகும். முதல் நாள் சிறிதாகத் தெரிந்த காயம் மூன்றாம் நாள் பெரிதாவது இதனால்தான்.

வெந்த தசை வீங்கும். முன்கைத் தசைகள் விரியாத உறைக்குள் அடங்கியிருப்பதால், வீக்கம் உள்ளே அழுத்தி இரத்தக் குழாயை நெரிக்கும். தம்பி சொல்லும் விறைப்பு அதுவாக இருக்கலாம். வேறொருவர் மெதுவாக அவர் விரல்களை நீட்டிவிட்டுப் பார்க்கட்டும். அப்போது உயிர் போகிற வலி வந்தால், உறையைக் கீறி அழுத்தத்தை விடுவிக்க வேண்டியிருக்கலாம். சுமார் 6 மணி நேரம் தாண்டினால் தசை திரும்பாது. இன்னொரு அடையாளம் சிறுநீர். செத்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) நிறத்தில் போனால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995. சிறுநீரகத்தைக் காக்க இரத்தக் குழாய் வழியாக நிறையத் திரவம் ஏற்ற வேண்டும். இங்கே கடுமையான தீக்காயங்களுக்கென்று சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் தனி நிலையம் இருக்கிறது.

மருத்துவரிடம் "கை சுட்டுக்கொண்டேன்" என்று சொல்லாமல், மின்சாரம் என்று சொல்லுங்கள். எத்தனை வோல்ட் (இங்கே மூன்று ஃபேஸ் 400 வோல்ட்), எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே நுழைந்து எங்கே வந்தது, நினைவு தப்பியதா, இவை நான்கும் தெரிந்தால் அவர் தேட வேண்டியதைத் தேடுவார். கண்புரையும் நரம்புப் பாதிப்பும் மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால் சம்பவத்தை முதலாளியிடம் அன்றே எழுத்தில் பதிவுசெய்யுங்கள். வேலையிடக் காயம் இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: வீட்டில் 230 வோல்ட் ஷாக் அடித்து, ஒன்றும் ஆகவில்லை என்றாலும் மருத்துவமனை போக வேண்டுமா? இரவில் திடீரென்று இதயம் நின்றுவிடும் என்கிறார்களே?
— வாசகி, பிடோக்

பதில்: நினைவு தப்பவில்லை, நெஞ்சு படபடப்போ வலியோ இல்லை, ஏற்கெனவே இதய நோய் இல்லை, இ.சி.ஜி.யும் சரியாக இருக்கிறது என்றால் பொதுவாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரவில் நின்றுவிடும் என்ற பயம் தேவையில்லை. கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலோ, ஈரத்தில் நின்றிருந்தாலோ, ஒரு கையில் புகுந்து மறு கை வழியே போயிருந்தாலோ இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகள் எவ்வளவு சிறிய ஷாக்காக இருந்தாலும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குழந்தையைச் சுற்றியுள்ள நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேத்தி செருகியிருந்த ஒயரைக் கடித்து உதட்டோரம் வெந்துவிட்டது. இரண்டு நாளாகிறது, நன்றாக விளையாடுகிறாள். இனி கவலை இல்லையே?
— பாட்டி, உட்லண்ட்ஸ்

பதில்: இன்னும் இரண்டு வாரம் கண் வைத்திருங்கள். வெந்த பொருக்கு உதிரும்போது, பெரும்பாலும் 5-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள், அடியில் உள்ள உதட்டுத் தமனி திறந்து இரத்தம் பீறிடலாம். அப்போது பதறாமல் கட்டைவிரலை வாய்க்குள்ளும் ஆள்காட்டி விரலை வெளியிலும் வைத்து, அந்த இடத்தைக் கிள்ளிப் பிடித்தபடியே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும், பணிப்பெண்ணுக்கும், இந்தப் பிடியைக் காட்டி வையுங்கள். வாயோரம் சுருங்கி ஆறாமல் இருக்கப் பல் மருத்துவரும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒருவரை ஷாக் பிடித்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? துணி காயப்போடும் கழியால் தட்டிவிடலாமா?
— வாசகர், அங் மோ கியோ

பதில்: அந்தக் கழியை முதலில் பாருங்கள். அந்தக் காலத்தில் மூங்கில். இப்போது பல வீடுகளில் அலுமினியம் அல்லது எஃகு. அதை எடுத்தால் இரண்டு பேர் போவீர்கள்.

முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். கைக்கு எட்டாவிட்டால் டி.பி. பெட்டியின் மெயினை இறக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் மட்டும், காய்ந்த தரையில் ரப்பர் செருப்புடன் நின்று, காய்ந்த மரக்கைப்பிடித் துடைப்பத்தாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவர் கையைக் கம்பியிலிருந்து தள்ளுங்கள். உயர் அழுத்த லைன் என்றால் மரமும் காப்பாற்றாது. கிட்டவே போகாமல், மின்சாரம் துண்டிக்கப்பட்டதென்று உறுதியாகும்வரை தள்ளி நில்லுங்கள்.

விடுபட்டவர் அசையவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 995 அழைத்து ஃபோனை ஸ்பீக்கரில் போடுங்கள். எதிர்முனையில் இருப்பவர் வழிநடத்துவார். நெஞ்சு நடுவில், 4 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பழகியவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம். ஷாக்கில் மூச்சுத் தசைகள் மட்டும் நின்றிருக்கவும் கூடும் என்பதால் அந்த மூச்சுக்கு மதிப்பு அதிகம். ஒருவரைக் கீழே ஓடவிட்டு ஏஇடி என்ற இதயமீட்புக் கருவியை எடுத்துவரச் சொல்லுங்கள். வீவக வட்டாரங்களில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்று மின்தூக்கிக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். உங்களுடையது எந்த புளோக்கில் என்று இன்றே பார்த்து வையுங்கள். நெஞ்சு ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

இந்த நெஞ்சழுத்தம் பிறந்ததும் ஷாக்கிலிருந்துதான். லைன் பணியாளர்கள் இறப்பதைத் தடுக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் கூவென்ஹோவன் என்ற மின் பொறியாளரின் குழுவினர் இதயமீட்புக் கருவியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கருவியின் தகட்டை நெஞ்சில் அழுத்தினாலே இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவது கண்ணில் பட்டது. 1960-இல் அவர்கள் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

கேள்வி: அடாப்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு ஊர் மிக்ஸிக்கு எர்த்தோடு 13 ஆம்பியர் பிளக் மாட்டினோம். இப்போது ஆன் செய்தால் வீடே இருண்டுபோகிறது. பழைய அடாப்டரே நன்றாக இருந்ததே?
— வாசகர், சுவா சூ காங்

பதில்: பிளக்குக்குள் கம்பிகள் இடம் மாறவில்லை என்று முதலில் பாருங்கள். அவை சரியென்றால், ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் செய்கிறது. கசிவு முன்பும் இருந்தது. அதற்கு எர்த் வழி இல்லாததால் தொடுகிறவருக்காகக் காத்திருந்தது. மிக்ஸியை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைச் செருகுங்கள். வேறு எதற்கும் விழவில்லை என்றால் கோளாறு மிக்ஸியில்தான், பழுதுபார்க்கக் கொடுங்கள். எதையுமே செருகாமல் விழுந்தால், எம்.சி.பி.க்களை எல்லாம் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அதை இறக்கியே வைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் சூடேற்றியின் எம்.சி.பி. என்றால் அவர் வந்து பார்க்கும்வரை பச்சைத் தண்ணீரில் குளியுங்கள்.